சத்தம் அடங்கினதும் அள்ள வேண்டும்

எங்கள் கடையில் புதிதாக ஒரு பொரிக்கிற மெஷின் வாங்கியிருக்கிறார்கள். நான் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு வந்தது அது. பாக்கெட் போடுகிற பெண்கள் அதை வீடியோ எடுத்து என் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு பக்கம் உருளைக்கிழங்கு சீவல் போகிறது, மறுபக்கம் சிப்ஸாக வந்து விழுகிறது, வெந்ததும் 'டிங்' என்று மணி அடிக்கிறது. கூடவே ஒருத்தி குரலும் அனுப்பியிருந்தாள். "யக்கா, நீ இருந்தப்போ மணி கிணி ஒண்ணும் இல்லியே. வெந்துடுச்சுன்னு எப்படிக்கா கண்டுபுடிப்பே?"

கேட்டுவிட்டாள் மகராசி. பதில் சொல்லப் போனால் போனில் அடங்காது. வாயாடி என்று ஊரே பட்டம் கட்டிய எனக்கு இதை மட்டும் வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். மெஷினைத் திட்டுவதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அதில் வந்த சிப்ஸை வாங்கித் தின்று பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. என் குறை வேறு.

என் வீட்டுக்காரர் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்த வருஷம் நான் அந்தக் கடைக்கு வந்தேன். அதுவரை ஐயம்பேட்டையில் நாற்று நடவும் களை எடுக்கவும் போய்க்கொண்டிருந்தவள். காஞ்சிபுரத்தில் சாமி புறப்பாடு போகிற வீதி ஒன்றில், வாசலிலேயே அடுப்பு வைத்த சிப்ஸ் கடை அது. முதலில் கிழங்குக்குத் தோல் சீவினேன். பிறகு உருளைக்கிழங்கு சீவலை மாவு போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலசினேன். பிறகு பாக்கெட் போட்டேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. விரலில் வெட்டுப்பட்டது, ஆறியது, வேலை படிந்தது.

அடுப்பில் நின்றவர் குட்டன் மாஸ்டர். பாலக்காட்டுப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் அங்கே பெரியப்பா வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். ஓணத்துக்கு ஒரு தடவை போய் வருவார். மற்ற நாளெல்லாம் கடைக்குப் பின்னாலிருந்த அறையும் வாசலில் இருந்த அடுப்பும்தான். வெள்ளைப் பனியன், மடித்துக் கட்டின வேட்டி, தலையில் சுற்றின ஈரிழைத் துண்டு. நெற்றியில் காலையில் வைத்த சந்தனம் அடுப்புச் சூட்டில் உலர்ந்து மத்தியானத்துக்குள் உதிர்ந்திருக்கும். சிப்ஸ் கடை மாஸ்டர் என்று பேர், ஒரு சில்லு சிப்ஸ் தின்று நான் பார்த்ததில்லை. தயிர்ச்சோறும் மாங்காய் ஊறுகாயும்தான் அவருக்கு.

நேந்திரன் வாழைக்காயை எண்ணெய்க்கு மேலேயே சீவுகட்டையில் சீவிப் போட வேண்டும். எதிர்ப்பக்கம் நின்று சீவ ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட, மாஸ்டர் கடைக்குள் எட்டிப் பார்த்து என்னைக் கைகாட்டினார். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மாஸ்டர், அவ வாய் ஓயாது. உங்களுக்குத் தாங்காது."

"கை நிதானம் உண்டு. வாய நான் பாத்துக்கறேன்," என்றார் மாஸ்டர்.

பார்த்துக்கொண்டார். அடுப்புக்கிட்டே போய் நின்றதும் நான் வழக்கம்போல, "இன்னா மாஸ்டர், இந்த வெயில்ல..." என்று ஆரம்பித்தேன். அவர் ஜல்லிக் கரண்டியால் வாணலியின் விளிம்பில் ஒரு தட்டு தட்டினார். "இங்க பேச்சு வேண்டா. எண்ண பேசும். நாம கேக்கணும்." அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்க என் வாயைக் கட்டிப்போட்டதில் சாயங்காலம் எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டு ஐயம்பேட்டை வரை பேசித் தீர்த்தேன்.

ஆனால் அவர் சொன்னது நிஜம். ஈரம் இருக்கும்வரை எண்ணெய் பேசும். ஈரம் போனதும் அடங்கும். சத்தம் அடங்கினதும் அள்ள வேண்டும். அதற்கு முன்னால் அள்ளினால் ஆறியதும் நமுத்துப்போகும், பின்னால் அள்ளினால் கசக்கும். சூட்டில் எல்லாச் சிப்ஸும் கொஞ்சம் தொய்வாகத்தான் இருக்கும். ஆறினால்தான் குணம் தெரியும். அதனால் கண்ணை நம்ப முடியாது, காதைத்தான் நம்ப வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். உருளைக்கிழங்கு போட்டதும் குய்யோ முறையோ என்று கத்தும், சட்டென்று ஓய்ந்துவிடும். மரவள்ளி அப்படி இல்லை, ஒரே சீராகச் சளசளவென்று பேசிக்கொண்டே இருந்து மெதுவாகக் குறையும். பாகற்காய் முரண்டு பிடிக்கும், அடங்கிவிட்டது என்று கரண்டியை விட்டால் மறுபடி முணுமுணுக்கும். பலாச்சுளை சீசனில் மட்டும் வரும் விருந்தாளி. அது பேசுவதே காதில் விழாது, குனிந்து கேட்க வேண்டும். நேந்திரன்தான் ராஜா. பாதி வேக்காட்டில் மஞ்சள் கலந்த உப்புத்தண்ணீரை மூக்கு வைத்த செம்பிலிருந்து மாஸ்டர் நூல் மாதிரி ஊற்றுவார். வாணலி முழுக்க நுரை பொங்கி, ஒரு பெரிய இரைச்சல் எழும்பி, இறங்கி இறங்கி வந்து, கடைசியில் காய்ந்த சருகு உரசுகிற மாதிரி ஒரு சத்தத்தில் நிற்கும். அந்தச் சத்தம் வந்ததும் அவர் அள்ளுவார். நானும் அதைக் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தால் தலையை ஆட்டுவார்.

பேச்சுக்குப் பதில் தட்டு. ஒரு தட்டு தட்டினால் சீவுவதை நிறுத்து. இரண்டு தட்டினால் உப்புத்தண்ணீர்ச் செம்பை எடு. விளிம்பில் கரண்டியை ஒரு இழுப்பு இழுத்தால் தீயைக் குறை. ஒருநாள் வீட்டில் மகனோடு சண்டை போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே விளிம்பில் தவில்காரன் மாதிரி ஒரு ஆவர்த்தனம் வாசித்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கல்லாவில் இருந்த முதலாளி, "அங்க இன்னா கச்சேரியா நடக்குது?" என்று கேட்டார். இப்படியே வருஷங்கள் போயின. பேசாத ஆளோடுதான் என் வாழ்நாளிலேயே நான் அதிகம் பேசினேன் என்று தோன்றுகிறது.

பாக்கெட் போடுகிற பெண்கள் கிண்டல் பண்ணுவார்கள். "அக்காவுக்கும் மாஸ்டருக்கும் லவ்வு போல." "செருப்பு பிஞ்சிடும்," என்பேன். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

அவருக்குக் காது போனது எனக்குத்தான் முதலில் தெரிந்தது. அவருக்குப் பின்னாலேயே ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளம் கை தவறி விழுந்து வீதியே திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் திரும்பவில்லை. பிறகு கவனித்தேன். கூப்பிட்டால் திரும்பவில்லை, தோளைத் தொட்டால்தான் திரும்பினார். அந்த வாரமே உருளைக்கிழங்கு இரண்டு ஈடு நமுத்துப்போயிற்று. மரவள்ளி ஒரு ஈடு சிவந்துபோயிற்று. அடுப்பைச் சுற்றி ஊரே கூடிக் கத்தினாலும் கலங்காத மனிதர், தட்டில் கொட்டின சிப்ஸைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். 

மறுநாள் நானே ஆரம்பித்தேன். சத்தம் அடங்கினதும், காய்க்குத் தோல் சீவுகிற என் கத்தியின் பிடியால் விளிம்பில் ஒரு தட்டு தட்டினேன். அவர் கரண்டி எப்போதும் விளிம்பில் சாய்ந்தபடி எண்ணெய்க்குள் இருக்கும். மாஸ்டர் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் எங்கேயோ பார்த்துக்கொண்டு அடுத்த காயை எடுத்தேன். அவர் அள்ளினார். சரியாக வந்தது. அன்றிலிருந்து நான் தட்டுவதும் அவர் அள்ளுவதுமாக ஆயிற்று. இரைச்சல் மெலிசு, அது அவருக்குக் கேட்கவில்லை, பின்னால் தாம்பாளம் விழுந்தது கேட்காவிட்டாலும் முன்னால் இரும்பில் தட்டுவது கூர்மை, அது மட்டும் கேட்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். சந்தேகம் வந்தால் ஒரு சில்லை எடுத்து ஊதி வாயில் போட்டு நறுக்கென்று கடித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவேன். இரண்டு பேருக்கும் சேர்த்து எனக்குக் காது இருக்கிறது என்று ஒரு பெருமை. அப்படி ஒரு பெருமை அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை, ஆனால் கண் இருக்கிறதே அவருக்கு. ஒருநாள் என்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"வசந்தா, நெசத்த சொல்லு. மாஸ்டருக்குக் காது போயிடுச்சா?"

"காது நல்லாத்தான் இருக்குது. நீங்க பேசறதுதான் அவருக்குக் கேக்கப் புடிக்கல."

"உன்கிட்ட போயி கேட்டேன் பாரு," என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "பிள்ளையார்பாளையத்துல இருந்து கல்யாண சீர் ஆர்டர் வந்துக்கினு இருக்குது. பெரிய குடும்பம். அதுல ஒரு குத்தம் வந்துச்சுன்னா அவர ஊருக்கு அனுப்பிடுவேன்மா. வேற மாஸ்டர் பேசி வெச்சிருக்கறேன். நானும் கடை நடத்தணும் இல்ல?"

வெளியே வந்து பார்த்தேன். மாஸ்டர் எண்ணெயை வடிகட்டிக்கொண்டிருந்தார். இவர் போய்விட்டால் அந்த மகள் படிப்பு என்ன ஆகும் என்று நினைக்க வேண்டியவள் நான். உண்மையைச் சொன்னால் அது எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. எதிர்ப்பக்கம் வேறு யாரோ நிற்பார்கள் என்பதுதான் முதலில் வந்தது, அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆர்டர் கொடுத்தவர் ராஜேஸ்வரியம்மா. வீட்டில் தறிகள் வைத்து நெய்கிற குடும்பம். தறியில் உட்காருகிறவர்கள் சிப்ஸ் தின்கிற விதமே தனி. விரலில் எண்ணெய் பட்டால் பட்டில் கறை ஏறிவிடும் என்று கையால் தொடவே மாட்டார்கள். அண்ணாந்து, பொட்டலத்தை வாய்க்கு நேராகப் பிடித்துக் கொட்டிக்கொள்வார்கள். ராஜேஸ்வரியம்மாவும் அடுப்பிலிருந்து தள்ளி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் நின்று பேசினார்.

"மக கல்யாணம்மா. அஞ்சு தட்டு வறுவல் வேணும். நேந்திரங்கா, உருளக்கெழங்கு, மரவள்ளி, பாகக்கா, பலா. மொதல்ல எங்க அம்மனுக்குப் படைச்சுட்டுதான் சம்பந்தி வீட்டுக்குப் போவும். புது வாணலி, புது எண்ண நாங்களே கொண்டாந்துருவோம். ஒண்ணே ஒண்ணு. படைக்கிற வரைக்கும் யாரும் வாயில போட்டுப் பாக்கக் கூடாது. ஒரு சில்லுகூட."

எனக்குத் திக்கென்றது. வாயில் போடாமல் எப்படி? ஆறினபிறகு நமுத்தது தெரிந்தால் அதற்குள் படைத்திருப்பார்கள், சம்பந்தி வீட்டுத் தாம்பாளத்தில் இருக்கும். என் காது ஒன்றுதான் பாக்கி. சரி, காது இருக்கிறதே என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

அடுப்பு பற்ற வைக்க அவர்கள் நல்ல நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். வைகாசி மாதம், காலை வேளை. அதே காலையில் அதே வீதியில் சாமி புறப்பாடு வரும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, முதலாளிக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உற்சவ ஊரிலேயே இருந்துகொண்டு இப்படி ஒரு புத்தி! நல்ல நேரத்தைப் பார்த்தோமே தவிர, அந்த நேரத்தில் தெருவில் என்ன நடக்கும் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

கற்பூரம் காட்டி, புது வாணலிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து அடுப்பைப் பற்ற வைத்தோம். எண்ணெய் காய்ந்தது. கசப்பில் தொடங்க வேண்டாம் என்று பாகற்காயைத் தள்ளிவைத்து, மாஸ்டர் நேந்திரனைக் கைகாட்டினார். நான் சீவ ஆரம்பித்தேன். முதல் ஈடு போட்டு, அவர் உப்புத்தண்ணீர் ஊற்றி, நுரை பொங்கி எழும்பின நேரம், தெருமுனையில் வெடி வெடித்தது.

அதற்குப் பிறகு என்ன சொல்ல! தவில், நாதஸ்வரம், எக்காளம், மேளத்துக்குப் பின்னால் கோஷ்டி, இரண்டு பக்கமும் கூட்டம், ஒலிபெருக்கியில் காணாமல்போன குழந்தையின் பேரைக் கூவுகிற போலீஸ்காரர். "கோவிந்தா! கோவிந்தா!" என்று வீதி முழுக்க ஒரே குரல். என் கண் முன்னாலேயே எண்ணெய் கொதிக்கிறது, சத்தமில்லாத படம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. முடி பொசுங்குகிற அளவுக்குக் குனிந்து காதை வைத்தேன். ஒன்றுமில்லை. பெருமாளே, இன்றைக்கா வரணும் நீ என்று சாமியையே திட்டினேன். கையில் கத்தியைப் பிடித்துக்கொண்டு எப்போது தட்டுவது என்று தெரியாமல் முழித்தேன். இப்போதா? இன்னும் கொஞ்சமா? உள்ளே கல்லாவில் முதலாளி எழுந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜேஸ்வரியம்மா தூரத்தில் கைகூப்பிக்கொண்டிருந்தார். மாஸ்டர் ஊருக்கு மூட்டை கட்டுகிற காட்சி எனக்குக் கண்ணுக்குள் வந்துவிட்டது.

மாஸ்டரைப் பார்த்தேன். அவர் வாணலியைப் பார்க்கவேயில்லை. கூட்டத்துக்கு மேலே தெரிந்த குடையையும் சாமியையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை நெற்றியில் கும்பிட்டபடி இருந்தது. இன்னொரு கை கரண்டிப் பிடியில், அழுத்திப் பிடிக்காமல் வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி இரண்டு விரலால் தொட்டபடி இருந்தது. நான் தட்டவில்லை. தட்டவே இல்லை. கும்பிட்ட கையை இறக்கினார், ஒரு சுழற்று சுழற்றி மொத்தத்தையும் அள்ளித் தட்டில் கொட்டினார். பொன் மாதிரி இருந்தது.

அடுத்து மரவள்ளி. அதற்கும் என்னைப் பார்க்கவில்லை. உருளைக்கிழங்கு சட்டென்று ஓய்கிற பண்டம், கண் இமைக்கிற நேரத்தில் கெட்டுவிடும், அதையும் அப்படியே அள்ளினார். பாகற்காயில் ஒரு தடவை கரண்டியை எடுக்கப் போய், நிறுத்தி, இன்னும் கொஞ்சம் காத்திருந்து எடுத்தார். அது முரண்டு பிடித்திருக்கும், அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடைசியில் பலா. சாமி எங்கள் கடைக்கு நேராக நின்று கற்பூர ஆரத்தி ஆகிற நேரம் பலாவும் வெந்து முடிந்தது.

அவர் கைகழுவப் பின்பக்கம் போனார். வாணலியில் உதிரியாகக் கிடந்த சில்லுகள் இன்னும் பொரிந்துகொண்டிருந்தன. நான் போய் அந்தக் கரண்டிப் பிடியைத் தொட்டேன். தறி ஓடுகிற வீட்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றால் ஒரு அதிர்வு ஏறுமே, அது மாதிரி மெலிசாக ஏறியது. குறைந்தது. நின்றது. எண்ணெய் பேசுவது அத்தனையும் அந்த இரும்பில் வந்துகொண்டிருந்தது. நான் தட்டினதும் அவருக்குக் காதில் விழுந்ததில்லை, கையில்தான் விழுந்திருக்கிறது. என் தட்டு கைக்குத் தெரிகிறதென்றால் எண்ணெயின் சத்தம் மட்டும் தெரியாமல் போகுமா?

ஆர்டர் தப்பித்துவிடும் என்ற சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. அதற்குப் பின்னாலேயே கோபம் வந்தது. என்னடா இது! தினம் தினம் காதைத் தீட்டிக்கொண்டு, கண் கொட்டாமல் நின்று, நான் தட்டித் தட்டி இவர் வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேனே. எல்லாம் தெரிந்துகொண்டே இந்த மனிதர் என்னைக் கோமாளி ஆக்கினாரா? அன்று சாயங்காலம் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை.

கல்யாணம் முடிந்து ராஜேஸ்வரியம்மா தாம்பூலப் பையோடு வந்தார். வந்தவர் வழக்கத்துக்கு மாறாக அடுப்புக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். "பாகக்காகூட மிச்சம் இல்லம்மா! எங்க வாங்குனீங்கன்னு சம்பந்தியம்மா நாலு வாட்டி கேட்டுட்டாங்க." முதலாளி என் பக்கம் பார்க்காமல் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு மாஸ்டரிடம் போய், அவரைக் காட்டி, அடுப்பைக் காட்டி, "உங்களுது" என்கிற மாதிரி கையை விரித்தார். மாஸ்டர் தலையாட்டிவிட்டு அடுத்த ஈட்டுக்கு எண்ணெயைப் பார்க்கப் போனார். அவர் இடம் நிலைத்துவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

நேந்திரன் சீவிப் போட்டேன். உப்புத்தண்ணீர் ஊற்றினார். நுரை ஏறியது, இறங்கியது. சருகு உரசுகிற சத்தம் வந்தது. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, அள்ளு பார்க்கலாம் என்று நின்றேன்.

அவர் அள்ளவில்லை.

கரண்டி விளிம்பில் சாய்ந்திருந்தது. இரண்டு விரலும் பிடியில் இருந்தன. சத்தம் முழுக்க அடங்கிவிட்டது. மஞ்சள் நிறம் மாறி ஓரமெல்லாம் சிவக்க ஆரம்பித்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபமில்லை, கெஞ்சலில்லை, சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் சிவந்தது. அவர் கைக்குத் தெரியாமல் ஒரு சில்லும் கெடாது என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் விட்டார்.  கத்தியை எடுத்துத் தட்டினேன். அந்த நிமிஷமே அள்ளிக் கொட்டினார்.

முதலாளி ஓடிவந்து தட்டைக் காட்டி, "இன்னா மாஸ்டர் இது, இப்படி செவந்து போச்சு?" என்றார்.

"தப்பு என்னுது," என்றார் மாஸ்டர். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை அந்தக் கடையில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

மத்தியானம் அவர் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தேன். என் கையைக் காதுக்குக் கொண்டுபோய், பிறகு அவர் கையைக் காட்டி, ஏன் என்று தலையால் கேட்டேன்.

"மொதல்ல நீ தட்டினது வேணும்," என்றார். "பின்னே கை படிச்சு."

கை படித்த பிறகும் ஏன் என்று மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"தனியா கேக்கறது எனிக்கு வேண்டா, வசந்தா."

அவ்வளவுதான் சொன்னார். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்.   சிவந்துபோன நேந்திரனை இரண்டு பேருமாக எடுத்துத் தின்றோம். அவர் சிப்ஸ் தின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். லேசாகக் கசந்தது.

அதற்குப் பிறகும் பல வருஷம் அப்படியேதான் இருந்தோம். நான் தட்டுவேன், அவர் அள்ளுவார். இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு அவர் மகள் நர்ஸ் ஆகி, கல்யாணமாகி, அப்பா இனிமேல் நெருப்பில் நிற்க வேண்டாம் என்று வந்து கூட்டிக்கொண்டு போனாள். நல்ல பெண். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அச்சன் உங்களைப் பத்தித்தான் சொல்லிட்டே இருக்கும்," என்றாள். என்ன சொல்லுவார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது அதைக் கேட்டிருக்கலாமே என்று படுக்கையில் புரள்கிறேன்.

அவர் இடத்தில் முதலாளி என்னையே நிறுத்தினார். நான் நின்ற இடத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். பிறகு இன்னொருத்தி, பிறகு வேறொருத்தி. எல்லாம் தங்கமான பிள்ளைகள். பேச வேண்டாம் என்று நான் யாரையும் சொன்னதில்லை, அவர்களும் சினிமாக் கதை, மாமியார் கதை எல்லாம் சொல்வார்கள், நானும் சொல்வேன். வேலை நன்றாகத்தான் நடந்தது. ஆனால் சத்தம் அடங்குகிற நேரம் வந்ததும் எனக்குப் பேச்சு நின்றுவிடும். நிமிர்ந்து எதிரே பார்ப்பேன். அவர் தலையாட்டுவதைப் பார்க்க வேண்டும் போல் இருக்கும். இன்றுவரை அந்த ஏக்கம் தீரவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

செய்தி முதலாளியின் போனுக்கு வந்தது. கல்லாவை விட்டு இறங்கி அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "வசந்தா, குட்டன் மாஸ்டர் போயிட்டாராம்மா. தூக்கத்துலயே." சொல்லிவிட்டு அவரே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அப்போது வாணலியில் நேந்திரன் இருந்தது. உப்புத்தண்ணீர் ஊற்றி நுரை இறங்கிக்கொண்டிருந்தது. கருகட்டும் என்று நினைத்தேன். எனக்காக அவர் ஒரு ஈட்டைச் சிவக்க விட்டாரே, அவருக்காக நான் ஒரு ஈட்டைக் கரியாக்கினால் குடியா முழுகிவிடும்? கரண்டியை விட்டுவிட்டு நின்றேன். சத்தம் குறைந்தது. இன்னும் குறைந்தது. எதிரில் நின்ற பெண், "அக்கா, அக்கா," என்றாள். நான் அசையவில்லை. அசையக் கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் அடங்கியது. என்னைக் கேட்காமல் என் கை போய் அள்ளிவிட்டது.

தட்டில் கொட்டிப் பார்த்தேன். ஒரு சில்லுகூடக் குறையில்லாமல் வந்திருந்தது. வாசலில் நின்றவர்கள் சூடு ஆறியதும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் பாதி வழியில் திரும்பி வந்து, ரொம்ப நல்லா இருக்குதும்மா என்று இன்னொரு பொட்டலம் கேட்டார். போட்டுக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் போய் அழுதேன்.